முதுகுக்குப் பின்னால் அஸ்தமனம்

எங்கள் டிராவல்ஸ் ஆபீசில் இப்போது சேர்ந்திருக்கும் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். சூரியன் எந்த இடத்தில், எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு மறையும் என்று கைப்பேசியிலேயே கோடு போட்டுக் காட்டிவிடுகிறார்கள். நான் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. போன மாதம் அவர்களில் ஒருத்தி வீட்டுக்கே வந்து, "ஏனுங்கக்கா, ஊரே சன்செட் டூர்ங்குது, நம்ம டூருக்கு மட்டும் ஏன் நெழல் டூர்னு பேரு? அதுலயும் சூரியனுக்கு முதுகைக் காட்டி நிக்க வெக்கறோம்?" என்று கேட்டாள். "உங்கக்காவுக்குக் கெழக்கு மேக்கு தெரியாமப் போனதால வந்த பேரு கண்ணு" என்றேன். அவள் நம்பவில்லை. பதினாலு வருடம் ஒரே மலைக்கு ஆட்களைக் கூட்டிப்போனவளுக்குத் திசை தெரியாது என்றால் யார்தான் நம்புவார்கள். அதனால் எழுதிவிடுகிறேன்.

நான் ஸ்டெல்லா. பெரியநாயக்கன்பாளையத்துக்காரி. தாத்தாவும் அப்பாவும் அடுத்தவர் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தவர்கள். எனக்கு வாய்த்தது டெலிபோன். கோயமுத்தூரில் காதர் பாய் நடத்திய டிராவல்ஸில் ஒன்பது வருடம் போன் எடுத்தேன். வேலை கற்ற கதை பெரிதாக ஒன்றுமில்லை. மணி அடித்தால் எடுக்க வேண்டும், எதிரே இருப்பவர் எவ்வளவு கத்தினாலும் "சொல்லுங்க" என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். அதைக் கற்க ஒரு காலைப்பொழுது போதும். ஊட்டியில் எப்போது பூக்கண்காட்சி, வால்பாறையில் எப்போது மழை, எந்த அருவியில் பெண்கள் குளிக்க வசதி உண்டு, எந்த ஊர் தாண்டி எந்த ஊர் வரும், எல்லாம் எனக்கு மனப்பாடம். "அங்க நல்லாக் குளுருமுங்க, மறக்காம ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க" என்று ஒரு நாளைக்கு முப்பது பேருக்குச் சொல்லுவேன். என்னிடம் ஒரு ஸ்வெட்டர் கிடையாது. மலை மேல் நான் கால் வைத்ததும் கிடையாது. ஊரையே மலையேற்றிவிட்டு, சாயங்காலம் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். அதை நினைத்தால் அப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காதர் பாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெள்ளைச் சட்டை, கையில் நாலாக மடித்த கைக்குட்டை. குரலை உயர்த்திப் பேசியதே இல்லை. கோபம் வந்தால் மரியாதை கூடும், அவ்வளவுதான். சாதாரண நாளில் "ஸ்டெல்லா, அந்த ஃபைலை எடு" என்பார். கொஞ்சம் கோபம் என்றால் "அம்மணி, எடுங்க" ஆகும். ரொம்பக் கோபம் என்றால் எழுந்து நின்று, எதிர் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்து, "வாங்க, உக்காருங்க, டீ சாப்படறீங்களா?" என்பார். அந்த டீயைக் குடித்தவர்கள் யாரும் அடுத்த மாதம் அங்கே வேலையில் இருந்ததில்லை. எங்கள் டிரைவர் ரங்கண்ணன், ஆபீஸ் பக்கம் டீக்காரர் வந்தாலே வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

இப்படிப்பட்டவரிடம்தான் ஒரு நாள் துணிந்து கேட்டேன். "பாய், சன்செட் பாக்கறதுக்குன்னே ஒரு டூர் போடலாமுங்க. மத்தியானம் கெளம்பி அன்னிக்கே திரும்பிடலாம். கைடா நானே போறனுங்க."

மூன்று நாள் யோசித்தார். நாலாவது நாள் சொன்னார்: "ஒரு ட்ரிப் ஸ்டெல்லா. போனவங்க சந்தோசமாத் திரும்பி வந்தா நீ கைடு. இல்லேன்னா மறுபடி போனுதான். அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வாரமே இடம் பார்க்க ரங்கண்ணனோடு கிளம்பினேன். பத்து மணிக்கு அவருக்கு வேறு சவாரி இருந்ததால் விடிவதற்கு முன்னாலேயே ஏறினோம். கோத்தகிரி தாண்டி, தேயிலைத் தோட்டம் முடிகிற இடத்தில் ஒரு பாறை முனை. பேர் வேண்டாம், இருக்கிற கூட்டமே போதும். கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றால் கீழே நம் சீமை மொத்தமும் விரித்துப் போட்ட மாதிரி கிடக்கிறது. பவானி ஆறு, வாழைத் தோட்டங்கள், தூரத்தில் அணைத் தண்ணீர். அதற்கு மேலே சூரியன் தகதகவென்று ஏறிக்கொண்டிருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"காலையிலயே இப்படின்னா, பொழுதோட எப்படி இருக்கும் பாருங்க" என்றார் ரங்கண்ணன். கொங்குப் பக்கம் பொழுதோட என்றால் சாயங்காலம்.

"அதையேதானுங்கண்ணா நானும் நெனச்சேன்" என்றேன்.

இப்போது நீங்கள் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் கோயமுத்தூரில் பிறந்து வளர்ந்த யாரையாவது நிறுத்தி, சூரியன் எங்கே மறைகிறது என்று கேட்டுப் பாருங்கள். மலையில் என்பார்கள். பிறந்ததிலிருந்து நாங்கள் பார்ப்பது அதுதான், தினமும் பொழுது மலைக்குள்தான் இறங்குகிறது. ஆகவே மலைக்கே போய்விட்டால் அதைக் கிட்டத்தில் பார்த்துவிடலாம் என்பது எங்கள் கணக்கு. நாம் ஒரு மலையில் ஏறினால் அது அடுத்த மலைக்குப் போய்விடும் என்பதும், நாங்கள் பிடித்த முனை கிழக்கே பார்த்த முனை என்பதும் எனக்கும் தோன்றவில்லை, ரங்கண்ணனுக்கும் தோன்றவில்லை. பாய் இன்னும் ஒரு படி மேலே போய், பெரிய ஆரஞ்சு சூரியனைப் போட்டு நோட்டீஸ் அடித்துவிட்டார். முதல் டூரில் ஏறிய இருபத்தொரு பேரில் ஒருவர் ஓய்வு பெற்ற பூகோள வாத்தியார். அவரும் வாயைத் திறக்கவில்லை.

திட்டம் போடுவதில் நான் குறை வைக்கவில்லை. வளைவுகளில் வாந்தி வருகிறவர்களுக்கு எலுமிச்சம்பழம். ஏறுவதற்கு முன் எண்ணெய்ப் பலகாரம் கூடாது. இறங்கும் ஒவ்வொரு இடத்திலும் தலை எண்ணுவது, அதுவும் விரல் நீட்டாமல், கண்ணாலேயே. எல்லாவற்றையும் விட முக்கியம், மரியாதைக்கு என்று தனியாகப் பதினைந்து நிமிடம். நம்மவர்களை வண்டியில் ஏற்றியவர்களுக்கு இது புரியும். ஜன்னலோர இருக்கை காலியாக இருக்கும். "நீங்க உக்காருங்க" என்பார் ஒருவர். "அட, பெரியவங்க நீங்க உக்காருங்க" என்பார் இன்னொருவர். "எனக்கெதுக்குங்க, பாப்பா உக்காரட்டுமுங்க." இப்படியே கால் மணி நேரம் ஓடும், யாருமே உட்கார மாட்டார்கள். அதைக் குறுக்கிட்டால் கோபித்துக்கொள்வார்கள். அதனால் அதை அட்டவணையிலேயே சேர்த்துவிட்டேன், இன்றைக்கும் அந்தக் கால் மணி நேரம் இருக்கிறது.

தை மாதம், சனிக்கிழமை. மேட்டுப்பாளையத்தில் ஒரு தம்பதி ஏறினார்கள். சிறுமுகைப் பக்கம் வாழைத் தோட்டக்காரர்கள். அவர் பெயர் மாரப்பன், அந்த அம்மா சரஸ்வதி. கல்யாணம் ஆகி இருபத்தேழு வருடத்தில் சாயங்கால நேரத்தில் இரண்டு பேரும் சேர்ந்து வீட்டை விட்டு வெளியே போனதே இல்லையாம். மாடு கறக்க ஒருவர் இருந்தாக வேண்டுமே. சரஸ்வதியம்மா முகமெல்லாம் சிரிப்பாக ஏறினார். மாரப்பன், ஜப்திக்குக் கூட்டிப்போகிற மாதிரி ஏறினார்.

"மருமகளுக்குக் கறக்கத் தெரியாது, பக்கத்துத் தோட்டத்துக்காரனைக் கறக்கச் சொல்லிப்போட்டு வந்திருக்கறேன். மாடு ஒதைக்குமோ என்ன கெரகமோ" என்று வழி நெடுகப் புலம்பினார். "அம்மணி, பொழுது நல்லாத் தெரியுமுங்களா?" என்று வளைவுக்கு வளைவு என்னைக் கேட்டார். நானும் வளைவுக்கு வளைவு, "தட்டு மாதிரித் தெரியுமுங்க" என்றேன்.

ஐந்து மணிக்கு முனையில் இறங்கினோம். கண்ணாலேயே இருபத்தொன்று எண்ணினேன், சரியாக இருந்தது. எல்லோரும் கம்பியைப் பிடித்து வரிசையாக நின்று கீழே பார்த்தார்கள். ஸ்வெட்டர் எடுத்துவரச் சொல்லி அத்தனை பேருக்கும் இரண்டு முறை போன் செய்த நான் மட்டும் ஸ்வெட்டர் இல்லாமல் வெடவெடவென்று நின்றேன். ஐந்தே கால் ஆயிற்று. ஐந்தரை ஆயிற்று.

"ஏனுங்க அம்மணி" என்றார் மாரப்பன். "பொழுது எங்கீங்க?"

தேடினேன். முன்னால் இல்லை. இடது பக்கம் இல்லை, வலது பக்கம் இல்லை. பூகோள வாத்தியார் மெல்லத் தொண்டையைக் கனைத்து, "மேற்கு நமக்குப் பின்னாடி இருக்குங்க" என்றார். கம்பியோரம் நின்றவர்கள் திரும்பினார்கள். பின்னால் பெரிய மலைமேடு, அதன் மேல் யூக்கலிப்டஸ் மரங்கள். மரங்களுக்கு நடுவே கடைசியாக ஒரு துளி வெளிச்சம் மினுங்கியது. நாங்கள் பார்க்கும்போதே அதுவும் போய்விட்டது.

ஒன்பது வருடம் காத்திருந்து கிடைத்த ஒரே ட்ரிப், இருபத்தொரு பேரைக் கூட்டிவந்து மலைக்கு முதுகைக் காட்டி நிற்க வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை மேஜையில் போன் என்னைப் பார்த்துச் சிரிக்கப் போகிறது.

"மலையைக் கெல்லி எலியைப் புடிச்ச கதையாப் போச்சு" என்றார் மாரப்பன். குரலில் கோபத்தை விடச் சந்தோஷம்தான் அதிகம். "இதுக்கு நான் என்ற ஊட்டு வாசல்லயே கயித்துக் கட்டிலைப் போட்டுப் பாத்திருப்பேன். தெனமும் தெரியுது. வாங்க, போலாம்."

சரஸ்வதியம்மா மட்டும் திரும்பவே இல்லை. கம்பியில் சாய்ந்து கீழேயே பார்த்துக்கொண்டிருந்தவர், "சித்தெ இங்க வாங்க மாமா" என்று கணவரைக் கூப்பிட்டார். "நம்மூருக்கு இருட்டு வருதுங்க, பாருங்க."

எட்டிப் பார்த்தேன். எங்கள் காலடியிலிருந்து மலையின் நிழல் கிளம்பிச் சமவெளி மேல் போய்க்கொண்டிருந்தது. ஓரம் கோடு போட்ட மாதிரித் தெரிந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் நீலம், அந்தப் பக்கம் இன்னும் மஞ்சள் வெயில். நின்று பார்த்தால் நகர்வதே தெரிகிறது. ஒரு தென்னந்தோப்பை எடுத்தது, ஒரு ஆலைக் கூரையை எடுத்தது, ஆற்றைத் தாண்டியது.

அந்த நேரத்தில் என் வாய் தானாகத் திறந்துகொண்டது. எந்த ஊர் தாண்டி எந்த ஊர் என்று ஒன்பது வருடம் போனில் சொன்ன வாய் அல்லவா. "எல்லாரும் இங்க பாருங்க. மேட்டுப்பாளையத்துக்கு முடிஞ்சுதுங்க. இப்ப சிறுமுகைக்குள்ள நொழையுது. சிறுமுகைக்காரங்க யாராச்சும் இருந்தா கையத் தூக்குங்க. அடுத்தது அணைத் தண்ணி, அப்புறம் சத்தியமங்கலம்." கிரிக்கெட் வர்ணனை போலச் சொல்லிக்கொண்டே போனேன். முதலில் நாலைந்து பேர் கம்பிக்கு வந்தார்கள், பிறகு எல்லோரும் வந்தார்கள். சத்தியமங்கலத்தில் பெண் கொடுத்த ஒருவர், "என்ற மாப்பளைக்கு இன்னும் வெயிலடிக்குதுங்க" என்று சொல்லி, உடனே மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, "மாப்ளே, இன்னும் அஞ்சு நிமிசத்துல உங்களுக்கு இருட்டீருமுங்க, துணி காஞ்சா எடுத்துப்போடுங்க" என்றார். கூட்டமே வெடித்துச் சிரித்தது.

சரஸ்வதியம்மாவுக்கும் ஆசை வந்துவிட்டது. மருமகளுக்குப் போன் போட்டார். "கண்ணு, மோட்டார் ரூம் மேல ஆனைக்குப் போடற லைட்டு இருக்குதல்ல, அதைச் சித்தெ போடு. நாங்க மலை மேல நின்னு பாக்கறோம்." அவர்கள் தோட்டத்துக்கு இந்த மலையிலிருந்துதான் யானை இறங்கும். அதனால் அந்தப் பெரிய விளக்கை மலையைப் பார்த்தே திருப்பி வைத்திருந்தார்கள்.

மருமகள் சொன்னது எங்களுக்கே கேட்டது. "கரண்ட் இல்லீங்கத்தை. ஆறே முக்காலுக்குத்தான் வரும்."

அப்போது அப்படித்தான். ஊர் ஊராக முறை வைத்துக் கரண்டை நிறுத்திய காலம். கீழே பார்த்தால் சிறுமுகைச் சுற்று வட்டாரம் முழுக்க இருண்டு கிடந்தது. தூரத்து ஊர்களில் விளக்கு மின்ன ஆரம்பித்துவிட்டது. மாரப்பன் கடிகாரத்தைப் பார்த்தார். கிளம்பச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "ஆறே முக்கால்தானே, இருந்து பாத்துட்டே போலாம்" என்றார். ரங்கண்ணன் எனக்கு அவர் துண்டைக் கொடுத்தார், போர்த்திக்கொண்டேன். இருபத்தொரு பேரும் குளிரில் ஒண்டிக்கொண்டு, கரண்ட் வருவதற்காக ஒரு மலை உச்சியில் காத்திருந்தோம். அவரவர் வீட்டில் கரண்ட் போனால் திட்டித் தீர்க்கிற ஆட்கள்தான்.

ஆறே முக்காலுக்குச் சிறுமுகை ஒரே நொடியில் பற்றிக்கொண்டது. தெரு விளக்கு, வீடு, கடை, கோயில் கோபுரம், ஆலை, எல்லாம் ஒன்றாக எரிந்தன. எங்கள் பக்கம் ஒரே கூச்சல். பூகோள வாத்தியார் கைதட்டினார். அந்த வெளிச்சக் கூட்டத்துக்கு இந்தப் பக்கம், தனியாக, ஒரு விளக்கு எங்களையே பார்த்து எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது.

"நம்ம லைட்டுங்க மாமா" என்றார் சரஸ்வதியம்மா.

மாரப்பன் மனைவியின் கையிலிருந்து போனை வாங்கினார். "அம்மணி, நான்தான். இன்னொருக்காப் போடு. அணை. போடு. அணை. அப்படியே உட்ராத, போடு." ஏழெட்டு முறை ஆயிற்று. "வாழைக்குத் தண்ணி திருப்பியாச்சா? மாடு ஒதைச்சுதா? சரி, இன்னொருக்காப் போடு." அவரை வண்டியில் ஏற்றத்தான் எனக்கு அன்றைக்குப் படாத பாடாகிவிட்டது.

திங்கட்கிழமை பாய் எழுந்து நின்றார். நாற்காலியைத் துடைத்தார். "வாங்க அம்மணி, உக்காருங்க. நம்ம நோட்டீசுல சூரியன் இருக்குதுங்க. மலையில சூரியன் இல்லீங்களாமா. டீ சாப்படறீங்களா?" விஷயம் எப்படியோ அவர் காதுக்குப் போய்விட்டது.

"வேண்டாமுங்க பாய். நான் டீ குடிக்கறதை விட்டுட்டேன்" என்றேன். பயத்தில் வந்த பேச்சுதான், ஆனால் வந்துவிட்டதால் மேலேயும் பேசினேன். "தப்பு என் மேலதானுங்க. மேக்கு கெழக்குப் பாக்காமப் போட்டேன். ஆனா வந்தவங்க யாரும் சூரியனைக் கேக்கலீங்க. சந்தோசமாத் திரும்பி வந்தாப் போதும்னுதானே சொன்னீங்க. ஒருக்கா நீங்களே வந்து பாத்துட்டு அப்புறம் என்னைய போன்ல உக்கார வையுங்க."

வெகு நேரம் கைக்குட்டையை மடித்தார். "வார சனிக்கிழமை நானே வாரனுங்க" என்றார். அந்த ஐந்து நாளும் நான் போன் எடுத்த விதத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. யார் எந்த ஊருக்கு வழி கேட்டாலும், "அந்த ஊருக்கு எத்தனை மணிக்குங்க கரண்ட் போகும்?" என்று திருப்பிக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை வண்டி கிளம்பும்போதே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். "சொந்தக்காரங்க கீழ யாரு யாரு இருக்காங்களோ, நம்பரை எடுத்து வெச்சுக்கோங்க." பாய் கடைசி இருக்கையில், நான் யாரோ நீ யாரோ என்று உட்கார்ந்திருந்தார். மேலே போனதும் கம்பிப் பக்கம் வராமல், யூக்கலிப்டஸ் மரங்களைப் பார்த்தபடி கடிகாரமும் கையுமாகத் தனியே நின்றார். வெளிச்சம் மரத்துக்குள் போனது. "ம்" என்றார். எனக்கு உயிர் பாதி போய்விட்டது.

"இந்தப் பக்கம் திரும்புங்க பாய்" என்றேன்.

திரும்பினார். நிழல் அப்போதுதான் ஆற்றைத் தாண்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஆட்கள் வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். "பெரியம்மா, மாடி லைட்டைப் போடுங்க." "அண்ணா, கடை போர்டை ஒருக்கா அணைச்சுப் போடுங்க." "தெரியுது, தெரியுது." "ஐயோ, அது நம்முளுது இல்லடா, பக்கத்தூடு." பாய் வெகு நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு இரண்டடி தள்ளிப் போய், எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, மேட்டுப்பாளையத்தில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டார்.

"ஆயிஷா, மொட்டை மாடி லைட்டைப் போடும்மா. எதுக்குன்னு அப்புறம் சொல்றேன், போடு." கண்ணை இடுக்கிப் பார்த்தார். "தெரியுதும்மா. தெரியுது. அணைச்சுறாதே, இருக்கட்டும்."

மொட்டை மாடியில் இருப்பது சாதாரண டியூப் லைட்டாகத்தான் இருக்கும். அந்தத் தூரத்தில் அது யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. நான் ஏன் சொல்லப் போகிறேன். அவர் முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் வந்தார். "நோட்டீசுல சூரியனைத் தூக்கச் சொல்லோணும். நெழல் டூர்னு போடட்டும். பிரஸ்காரன் ஆறரைக்கு ஆபீசுக்கு வாரேன்னான், இப்பவே சொல்லிடலாம்" என்று ஆபீஸ் நம்பரை அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது. மறுபடி போட்டார். மறுபடி அடித்துக்கொண்டே இருந்தது.

"என்ன ஸ்டெல்லா, ஆபீசுல யாருமே போன் எடுக்க மாட்டேங்கறாங்க?"

"எடுக்கற ஆளு இங்க நிக்கறனுங்க பாய்."

கையிலிருந்த போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கம்பியோரம் கூச்சல் போட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரையும் பார்த்தார்.

"அப்ப அங்க வேற ஆளைப் போடோணும்" என்றார்.